பழநியாண்டவனுக்கு 48 காசு

நடை தளர்ந்த பெரியவரைப் பழநிக்கு அழைத்து வருவதாக வேண்டிக்கொண்டால், அதற்கு ஒரு மண்டலம் (48 நாள்) முன்பே வீட்டில் வேலை தொடங்கிவிட வேண்டும். தினமும் திருநீறு இட்டதும் செம்பில் ஒரு காசு போடுவது அவர் பொறுப்பு. அவசரத்துக்குக்கூட வேறு கை போடக்கூடாது. பித்தளைச் செம்பாக இருந்தால் கண் மங்கியவருக்கும் காசு விழுந்தது காதில் கேட்கும். மறதியில் இரண்டு முறை போட்டால் திருத்தாதீர்கள். முருகன் கணக்குப்பிள்ளை இல்லை.

48 காசையும் மஞ்சள் துணியில் 16 வீதம் மூன்று முடிப்பாகக் கட்டுங்கள். ஒரே முடிப்பு என்றால் நடுங்கும் கையில் கனக்கும், நழுவும்.

கூட்டம் நெரியும் கிருத்திகை, சஷ்டி, தைப்பூசம், பங்குனி உத்திரம் வேண்டவே வேண்டாம். 693 படி நமக்கு, அவருக்கு இழுவை ரயில்தான். ரோப் கார் காற்று பலமாக அடித்தால் நின்றுவிடும். பராமரிப்பு நாட்களிலும் ஓடாது. விசாரிக்காமல் வந்து அடிவாரத்தில் திண்டாடுகிறவர்களைத்தான் "ஸ்பெஷல் தரிசனம் சாமி, வரிசையே இல்லை" என்று தரகர்கள் ஒட்டிக்கொள்வார்கள். நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்று எப்போது போடுவது என டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். வழியில் ஒதுங்க இடமிருக்குமோ என்று பயந்து தண்ணீரே குடிக்காமல் வந்து, மேலே போய் மயங்கிவிடுவார்கள்.

சக்கர நாற்காலியில் இருப்பவருக்குச் சந்நிதியில் முன்னால் நிற்பவர் முதுகுதான் தரிசனம். பத்து விநாடியாவது எழுப்பி நிறுத்துங்கள். வரிசையிலேயே கணுக்காலை மேலும் கீழும் பத்துத் தடவை அசைக்கச் சொன்னால் எழும்போது தலைசுற்றல் குறையும். பிரேக் போட்டு, கால்தாங்கியை மடக்கி, பாதம் தரையில் ஊன்றியதும் முன்னால் சாயச் சொல்லி, இரு பக்கமும் இடுப்பில் பிடித்துத் தூக்குங்கள். கையைப் பிடித்து இழுத்தால் தோள்பட்டை பிசகும்.

"நகருங்க, நகருங்க" சத்தம் வரட்டும். காலையில் ஆண்டிக் கோலத்தில் அவன் தண்டோடு நிற்கிறான். எதிரே இவர் கைத்தடியோடு நிற்கிறார். என்ன கேட்க வந்தோம் என்பதே மறந்துபோகும். அப்பனே, இந்தப் பத்து விநாடிக்கு எத்தனை மலை வேண்டுமானாலும் ஏறலாம்!

உண்டியலில் முடிப்பை நீங்கள் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். முழங்கையை மட்டும் தாங்குங்கள். மூன்றையும் அவரே போட நேரமாகும், பின்னால் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் காலை, காலிச் செம்பைக் கழுவி மறுபடி அவர் கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிடுங்கள்.