காலை ஓடை, மதிய ஓடை: ஸ்பிட்டி போய்வந்த கதை

இமாச்சலப் பிரதேசத்து மலைப் பள்ளத்தாக்கான ஸ்பிட்டியிலிருந்து திரும்பி இரண்டு நாள் ஆகிறது. அந்த டிரைவர் மீதுள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. மணாலியில் ஆளுக்கு 1,000 ரூபாய் பேசி, காலை 5 மணிக்குக் கிளம்பலாம் என்றவர், வண்டி நிரம்பவில்லை என்று எட்டரை வரை நிறுத்திவைத்துவிட்டு 1,500 கேட்டார். அரசு பஸ் டிக்கெட் அதில் பாதிகூட இல்லை. ஆனால் பணத்தைவிட, போன அந்த மூன்றரை மணி நேரம்தான் எங்களைப் படுத்தியது.

மணாலியில் நல்ல மழை. 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதையின் மறுமுனையில் வெளியே வந்தால் பளிச்சென்று வெயில்! பீர் பஞ்சால் மலைத்தொடர் பருவமழையை அந்தப் பக்கமே பிடித்துவைத்துக்கொள்கிறது. தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் கொட்டிவிட்டு நமக்குக் காற்றை மட்டும் அனுப்புகிறதே, அதே கதைதான்.

கிராம்ஃபூ தாண்டியபின் சாலை என்று ஒன்று இல்லை. சந்திரா நதியோரம் கற்குவியல்தான். பனியாறுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் அதன் குறுக்கே பாய்கின்றன. இரவுக் குளிரில் மேலே பனி உருகுவது குறைவதால் காலையில் கணுக்காலளவு தண்ணீர்தான். வெயில் ஏற ஏற ஓடையும் ஏறும். நாங்கள் போய் நின்றபோது மதியம் ஒன்றரை. சாம்பல் நிறத்தில் தண்ணீர் சீறிக்கொண்டிருந்தது; அடியில் கற்கள் உருண்டு மோதும் சத்தம் வண்டிக்குள் வயிற்றைக் கலக்கியது. "இந்த நாலாவுக்கு (ஓடைக்கு) காலையில் ஒரு குணம், மதியம் ஒரு குணம், பேட்டா (மகனே)" என்றார் உடன் வந்த லோசர் கிராமத்துப் பெரியவர். இரண்டு மணி நேரம் காத்திருந்து, லாரி ஒன்று இழுத்துவிட்டபின் கரையேறினோம்.

பாதாலில் ஒரு சிறு கடையில் குடித்த சூடான துக்பாவை (நூடுல்ஸ் சூப்) மறக்கவே முடியாது. அதன்பின் 4,500 மீட்டருக்கும் மேலே குன்சும் கணவாய். நான்கு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. லாஹுலையும் ஸ்பிட்டியையும் பிரிப்பது இந்தக் கணவாய்தான். இந்தப் பக்கத்துத் தண்ணீர் செனாபுக்கும் அந்தப் பக்கத்துத் தண்ணீர் சட்லெஜுக்கும் போகிறது. குளிர்காலத்தில் பனி இதை மூடிவிட்டால், லாஹுல்-ஸ்பிட்டி என்ற ஒரே மாவட்டத்துக்காரர்கள் பக்கத்து மாவட்டமான கின்னோர் வழியாகச் சுற்றித்தான் ஒருவரையொருவர் பார்க்க முடியும். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்டம் முழுவதற்கும் 31,564 பேர். சதுர கிலோமீட்டருக்கு இரண்டே பேர்.

ஸ்பிட்டியின் முக்கிய ஊரான காசாவில் வீட்டோடு தங்கல், சாப்பாட்டோடு 800 ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே உபசரித்தார்கள். வீட்டு அம்மா வயலிலிருந்து பறித்துவந்த பட்டாணியை அப்படியே உரித்துத் தின்றேன். கரும்புச் சாறு மாதிரி இனிப்பு! சமவெளியில் பட்டாணி கிடைக்காத மாதங்களில் இங்கே விளைவதால் நல்ல விலை கிடைக்கிறது. அந்த வயலுக்கு மழையை நம்ப முடியாது. மேலே உருகும் பனித்தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவருகிறார்கள். குளிர்காலத்துப் பனிதான் கோடைக்காலத்துப் பாசனம். சில வருடங்களாகப் பனி குறைவு என்று அந்த அம்மா கவலைப்பட்டார். மழைக்கும் அவருக்குப் பயம்தான். வீட்டின் தட்டையான மண்கூரை பனியைத் தாங்கும், விடாத மழையைத் தாங்காது. மழையை வேண்டாம் என்று சொல்லும் விவசாயியை அன்றுதான் பார்த்தேன்.

லாங்சா கிராமத்தில் கிடக்கும் கடல் உயிரினங்களின் புதைபடிவங்கள் பற்றித் தனியாக எழுத வேண்டும். 4,400 மீட்டர் உயரத்தில், சுருள் சுருளான நத்தைபோல ஒரு கல்! இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதுவதற்கு முன் டெத்திஸ் கடலுக்கடியில் கிடந்த நிலம் அது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: வண்டி பேசும்போது கட்டணத்துக்கு முன் கிளம்பும் நேரத்தைப் பேசுங்கள். திரும்பும்போது நான் அதிகாலை அரசு பஸ்ஸையே பிடித்தேன். பத்து மணிக்குள் அதே ஓடை வந்துவிட்டது. டயர் பாதிகூட நனையவில்லை. பக்கத்தில் ஓர் இடையர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆடுகளோடு நடந்தே கடந்துகொண்டிருந்தார்.