செவுளில் தேடிய கோளாறு தண்ணீரில் இருந்தது

என்னுடைய 100 லிட்டர் தொட்டியில் வளரும் ஐந்து கோல்டு ஃபிஷ்களும் ஒரு நாள் காலையில் நீர்மட்டத்துக்கு வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. செவுள் மூடிகள் வழக்கத்தைவிட வேகமாக அடித்துக்கொண்டன. அவற்றுள் வெள்ளை மீன் மட்டும் இடப்பக்கச் செவுளை இறுக மூடியபடி வலப்பக்கத்தால் மூச்சு விட்டதைக் கண்டதும், செவுளில் ஒட்டுண்ணி புகுந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டேன்.

கைவசம் இருந்த ஃபார்மலின் கலந்த மருந்தை ஊற்றிய ஒரு மணி நேரத்தில் மூச்சிரைப்பு இன்னும் கூடியது. ஃபார்மலின் நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைக் குறைக்கும் என்பதும், அதை ஊற்றும்போது காற்றோட்டத்தைக் கூட்ட வேண்டும் என்பதும் புட்டியிலேயே அச்சிடப்பட்டிருந்தன, நான்தான் படிக்கவில்லை. குளோரின் நீக்கி, வெப்பநிலையையும் ஒப்பிட்டுப் பார்த்த புதிய தண்ணீரால் பாதியை மாற்றி, காற்றுக் குமிழிகளை விடும் ஏர் ஸ்டோன் இன்னொன்றையும் போட்டேன்.

நல்லவேளையாக, மருந்தை ஊற்றுவதற்கு முன்பே ஒரு கிண்ணம் தண்ணீரைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். மருந்து கலந்த நீரில் அம்மோனியா சோதனை பிழையான நிறம் காட்டக்கூடும் என்பதால் அந்தக் கிண்ணம் பெரிதும் உதவியது. மஞ்சளாகவே இருந்திருக்க வேண்டிய சோதனைக் குழாய் ஐந்து நிமிடத்தில் பச்சையாகி, லிட்டருக்கு 1 மில்லிகிராம் அம்மோனியா என்றது. அம்மோனியாவிலிருந்து உருவாகும் நைட்ரைட் 2 மில்லிகிராம், நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 8. இதே அம்மோனியா பி.எச். 7 உள்ள நீரில் இருந்திருந்தால் அதன் நச்சு வடிவம் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகவே இருந்திருக்கும். ஆகவே அம்மோனியா அளவை மட்டும் பார்த்துவிட்டு பி.எச்.சைப் பார்க்காமல் விடுவது அரைச் சோதனைதான்.

மாலையில் டார்ச் வெளிச்சத்தில், ஒரு மீன் செவுள் மூடியைத் தூக்கிய நொடியில் உள்ளே பார்த்தேன். செக்கச்செவேல் என்று இருக்க வேண்டிய இழைகள் காய்ந்த இரத்தம்போல் பழுப்பாகத் தெரிந்தன. நைட்ரைட் இரத்தத்துக்குள் நுழைந்து ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாதபடி மாற்றிவிடுவதன் அடையாளம் அது. அந்நிலையில் தண்ணீரில் காற்று போதுமான அளவு இருந்தாலும் மீன் மூச்சுக்குத் திணறும்.

காரணம் என் கைதான். நான்கு நாட்களுக்கு முன், பில்டர் ஸ்பாஞ்சையும் செராமிக் வளையங்களையும் அழுக்குத் துளியும் இல்லாமல் குழாய்த் தண்ணீரில் அலசியிருந்தேன். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி குழாய்த் தண்ணீரிலிருந்த குளோரினில் அழிந்துபோயின. அவை மீண்டும் பெருகும்வரை இரண்டு நாள் தீவனத்தை நிறுத்தினேன். பிறகு சிறிதளவே கொடுத்தேன். நாள்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினேன். நைட்ரைட் செவுள் வழியே உட்புகுவதை உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும் என்பதால், லிட்டருக்கு 1 கிராம் உப்பைக் கரைத்து விட்டேன். மாற்றிய தண்ணீரின் அளவுக்கு மட்டும் மறுபடியும் சேர்த்தேன். அம்மோனியா பன்னிரண்டாம் நாளில் பூஜ்ஜியத்துக்கு வந்தது. நைட்ரைட் மூன்றாம் வாரம்வரை இழுத்தடித்தது.

நான்கு மீன்கள் முன்பே தேறிவிட்டன. வெள்ளை மீன் மட்டும் இடச் செவுளைத் திறக்காமல், கற்களில் உடலை உரசிக்கொண்டே இருந்தது. ஐந்தும் ஒன்றாகத் திணறினால் தண்ணீரையும், ஒன்று மட்டும் ஒருபக்கமாகத் திணறினால் அந்த மீனையும் சந்தேகிக்க வேண்டும் என்று முதல் நாளிலேயே பிரித்துப் பார்த்திருக்கலாம். இரண்டு கோளாறுகள் ஒரே நேரத்தில் வரும் என்று யார் நினைத்தார்கள்! செவுளில் தொற்றும் ஒட்டுண்ணியான செவுள் புழு ஒரு மீனில் இருந்தால் தொட்டியிலும் இருக்கும் என்பதால், முழுத் தொட்டிக்கும் பிராசிகுவான்டெல் என்ற புழுக்கொல்லி மருந்தை லேபிளில் உள்ள அளவில் கொடுத்தேன். அது புழுவைக் கொல்லுமே தவிர முட்டையைக் கொல்லாது. ஆகவே, முட்டை பொரிந்து வருபவற்றுக்காக ஒரு வாரம் கழித்து மறுபடியும் கொடுத்தேன். இரண்டாம் தவணை முடிந்த நான்காம் நாள், வெள்ளை மீனின் இடப்பக்க மூடியும் வலப்பக்கத்துக்கு ஈடாக அசைந்தது.