நாப்கினில் ஒன்பது பெயர்

லாஸ் ஏஞ்சலஸ் யூனியன் ஸ்டேஷனிலிருந்து டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்துக்குப் போகும் பஸ். முன்சீட்டில் ஒரு தாத்தாவும் பேத்தியும்.

தாத்தா நாப்கினில் பேட்டிங் வரிசை எழுதிக்கொண்டிருந்தார். ஒன்பது பெயர். முதல் வரியை அழித்து அழித்து எழுதி, அந்த இடமே கிழிந்துவிட்டது.

டாட்ஜர்ஸ் அணியில் பந்தும் வீசி மட்டையும் பிடிப்பவர் ஓட்டானி. அவர் பந்து வீசும் நாளில் அவரையே முதல் ஆளாக மட்டை பிடிக்க இறக்கலாமா? அதுதான் சண்டை.

“வீசிட்டு வந்தவனுக்குத் தண்ணி குடிக்கவாவது நேரம் வேணாமா?” இது தாத்தா. சொந்த மைதானத்தில் அப்படித்தான், முதலில் வீசுவது சொந்த அணி; முதல் ஆள் என்றால் வீசி முடித்த கையோடு மட்டை பிடிக்க ஓட வேண்டும்.

பேத்திக்குக் கவலை வேறு. 2023ல் முழங்கையில் அறுவை சிகிச்சை ஆன கை. ஒப்பந்தமோ 2033 வரை.

“அதுவரைக்கும் வீசுவாரா தாத்தா?”

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

“இன்னிக்கு ஆட்டத்தைப் பார்ப்போம், வா.”