பன்றிக் கொட்டிலில் தொடங்கிய வீரகதை

அமெரிக்க எழுத்தாளர் லாயிட் அலெக்ஸாண்டர் சிறுவர்களுக்கான மிகைபுனைவில் இறங்கியபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கிவிட்டிருந்தது. அதுவரை அவர் எழுதியவற்றுள் பெரும்பாலானவை பெரியவர்களுக்கானவை. சொந்த வாழ்க்கையையே நகைச்சுவையோடு சொல்பவை. வங்கியில் எடுபிடியாக வேலை பார்த்த அனுபவம் நாவலாயிற்று. பிரெஞ்சு மனைவியைப் பற்றி ஒரு நூல், வீட்டுப் பூனைகளைப் பற்றி ஒரு நூல் என்று தொடர்ந்தது. இப்படித் தம்மைப் பற்றியே எழுதிவந்தவருக்கு, தம் காலத்துக்கும் ஊருக்கும் எட்டாத பிரிடெய்ன் என்னும் கற்பனை நாட்டில்தான் எழுத்து முழுமையாகக் கைகூடியது என்பதே அவருடைய கதையில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

அவர் 1924இல் பிலடெல்பியாவில் பிறந்தார். பங்குத் தரகரான தந்தை 1929ஆம் ஆண்டுச் சந்தைச் சரிவில் நொடித்துப்போனார். பெற்றோருக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை. ஆயினும் வெறுமையாக நின்ற அலமாரியை நிரப்புவதற்காகப் பழைய புத்தகங்களை வாங்கிவைத்தார்கள். அழகுக்கு வைத்த அந்தப் புத்தகங்களை மகன் வாசித்துவிட்டான்! ஆர்தர் மன்னர் கதைகளிலும் பழம்புராணங்களிலும் ஊறிய அவர், பதினைந்து வயதில் தாம் கவிஞராகப் போவதாக வீட்டில் அறிவித்தார். தந்தை அதை இரசிக்கவில்லை என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது படையில் சேர்ந்த அவரை, ஐரோப்பியப் போர்முனைக்கு அனுப்புவதற்கு முன் வேல்ஸ் நாட்டில் சிறிது காலம் தங்கவைத்தார்கள். பாழடைந்த கோட்டைகளும், மலைகளும், காதுக்குப் புதிதான வேல்ஸ் மொழியின் ஓசையும் சிறுவயதில் வாசித்த கதைகளின் நிலத்துக்கே வந்துவிட்டதைப்போன்ற உணர்வை அவருக்குத் தந்தன. போர் முடிந்ததும் பாரிஸில் படித்தார். 1946இல் ஜானின் என்பவரை மணந்துகொண்டு தாயகம் திரும்பினார். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ரின் ‘நாசியா’ நாவலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவரும் இவரே என்பதை அறிந்தபோது நான் சற்றுத் திகைத்தேன். மனித இருப்பின் அருவருப்பைப் பேசும் அந்த நூலுக்கும், எதிர்காலத்தை உணர்த்தும் வெள்ளைப் பன்றி உலவும் சிறுவர் கதைக்கும் ஒரே கை உழைத்திருக்கிறது.

பதிப்பின் வாசல் எளிதில் திறக்கவில்லை. எழுதிய நாவல்கள் ஆண்டுக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டன. ஓவியம், விளம்பர வாசகம், பத்திரிகைப் பணி என்று கிடைத்த வேலைகளைச் செய்து காலம் தள்ளினார். முதல் நாவல் 1955இல்தான் வெளிவந்தது. பிறகு 1963இல், ஒரு சிறுவனும் அவனுடைய பூனையும் வெவ்வேறு காலங்களுக்குப் பயணம் செய்யும் ‘டைம் கேட்’ வந்தது. அந்தப் பயணங்களுள் ஒன்றை வேல்ஸில் அமைக்க எண்ணித்தான் அவர் தகவல் திரட்டத் தொடங்கினார்; ஆனால் அங்கே கிடைத்த புதையல் ஒரே ஓர் அத்தியாயத்தில் அடங்காது என்று கண்டதும், பூனையை அயர்லாந்துக்கு அனுப்பிவிட்டு, வேல்ஸைத் தனி நூலுக்கென்று ஒதுக்கிவைத்தார். அதிலிருந்தே 1964 முதல் 1968 வரை ஆண்டுக்கு ஒன்றாக ஐந்து பிரிடெய்ன் நாவல்கள் பிறந்தன.

மூலப்பொருள் ‘மாபினோகி’ என்னும் இடைக்கால வேல்ஸ் கதைத்தொகுப்பிலிருந்தும், மும்மூன்று பெயர்களாகத் தொகுத்துச் சொல்லும் பழைய நினைவுக்கோவைகளிலிருந்தும் வந்தது. இறந்தவரை உயிர்ப்பித்து, பேச்சை மட்டும் பறித்துக்கொள்ளும் கொப்பரை ‘மாபினோகி’யில் உள்ளது. ஹென்வென் என்னும் பெண் பன்றியும், அதைக் காத்த கோல் என்பவரும் நினைவுக்கோவையில் வருகிறார்கள். அந்த மரபில் பன்றிக் காவலர்கள் பெருமைக்குரியவர்கள். அலெக்ஸாண்டர் அந்தக் கோலுக்குக் கீழே ஓர் உதவியாளனை அமர்த்தினார். தாய் தந்தை யாரென்று அறியாத, வாளேந்தும் கனவோடு தீவனம் அள்ளும் டாரன் அப்படித்தான் உருவானான். எனக்கு ஒரு குறை உண்டு. ‘மாபினோகி’யின் அராவ்ன் பாதாள உலகை ஆள்பவனேயானாலும் சொன்ன சொல் காக்கும் கண்ணியவான், அலெக்ஸாண்டர் அவனை முகமில்லாத கொடியவனாக்கிவிட்டார். மூலத்தில் இருந்த அழகான சிக்கல் இங்கே கைநழுவிப்போயிற்று.

சுயசரிதை எழுதிய பழைய கை முற்றிலும் மறைந்துவிடவில்லை. நாடோடிப் பாணனாகத் திரியும் ஃப்ளெவ்டர் என்னும் அரசனுடைய யாழ், அவன் உண்மையை மிகைப்படுத்திப் பேசும் ஒவ்வொரு முறையும் நரம்பொன்று அறுந்துவிடும். அவனோ பேச்சை உடனே திருத்திக்கொண்டு, நரம்பை முடிந்துகொண்டிருப்பான். அந்தப் பாத்திரத்தில் தம்மையே வரைந்திருப்பதாக அலெக்ஸாண்டர் ஒப்புக்கொண்டிருக்கிறார். நகைச்சுவைக்காகச் சற்றுக் கூட்டிச் சொல்வதையே பிழைப்பாகக் கொண்ட ஓர் எழுத்தாளர் தம்மை இதைவிட நேர்த்தியாகக் கிண்டல் செய்துகொள்ள முடியாது.

தொடரை நான்கு நூல்களில் முடிப்பதே அவருடைய திட்டம். மூன்றாவதற்கும் இறுதி நூலுக்கும் இடையே ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பதிப்பாசிரியர் ஆன் டுரெல் உணர்த்த, ‘டாரன் வாண்டரர்’ இடையில் சேர்ந்தது. நல்ல பதிப்பாசிரியர் என்பவர் யார் என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு நூலைக் காட்டினால் போதும். இதில் பெரும்போர் இல்லை. தன் பெற்றோரைத் தேடிப் புறப்படும் டாரன், உயர்குலத்தவன் என்னும் விடை கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு அலைகிறான். வழியில் கொல்லரிடமும், நெசவுசெய்யும் மூதாட்டியிடமும், குயவரிடமும் வேலை கற்கிறான். முதல் இரண்டும் கைக்கு வருகின்றன, மனத்துக்கு ஒட்டவில்லை. மண் வனைவதோ அவனுடைய உயிரையே இழுக்கிறது. ஆனால் அந்தக் கலையின் உச்சம் தன் கைக்கு வாய்க்கப்போவதில்லை என்பது அவனுக்கே மெல்லப் புலப்படுகிறது. விரும்பிய தொழிலில் திறமை போதாது என்று ஒரு சிறுவர் நூல் நாயகனிடம் சொல்லி, அதன் வலியையும் மறைக்காமல் காட்டுவது அரிது. மந்திரப் பன்றியை ஏற்கவைப்பதைவிட இதை ஏற்கவைப்பது கடினம்.

அமெரிக்காவில் சிறந்த சிறுவர் நூலுக்கு வழங்கப்படும் நியூபெரி பதக்கம் 1969இல் இறுதி நூலான ‘தி ஹை கிங்’குக்குக் கிடைத்தது. அந்த முடிவில் டாரன் எடுக்கும் தீர்மானத்துக்கு வேண்டிய வலிமை முழுவதும் முந்தைய நூலின் குயவர் குடிலிலிருந்தே வருகிறது என்பது என் கணிப்பு. டிஸ்னி நிறுவனம் 1985இல் எடுத்த அசைவூட்டப் படம் முதல் இரண்டு நூல்களைக் கலந்து செய்தது என்பதால் அந்தக் குடிலுக்கு அதில் இடமே இல்லை. படத்தை மட்டும் பார்த்தவர்கள் நூல்களை வாசிக்கத் தொடங்குவதாயின், வரிசை மாற்றாமல் முதல் நூலிலிருந்தே தொடங்குங்கள்; அதில் துரத்தல்கள் சற்று மிகுதி, பொறுத்துக்கொள்ளலாம்.