மஞ்சக்கயிறும் போலீஸ் சீலும்

தென்னாப்பிரிக்காவுல இருக்கற டர்பன் ஊருக்கு வந்த புதுசுல ரோட்டுல அத்துட்டுப் போயிடுவாங்கன்னு பயந்து தாலிச்செயினைக் கழட்டி, பாஸ்போர்ட், டிகிரி சர்டிபிகேட் எல்லாத்தோடயும் ஒரே பையில போட்டு பீரோவுல வச்சிருந்தேன், ஜன்னலுக்குத்தான் கம்பி இருக்கே, வாசல்ல கேட் இருக்கேன்னு ஒரு தைரியம்! போன ஜூலைல வேலை முடிஞ்சு வந்து பாத்தா பீரோ திறந்து கிடக்கு, பையைக் காணோம். செயினுக்காவது ஒருநாள் அழுது தீர்த்தேன், ஆனா பாஸ்போர்ட்டுல ஒட்டியிருந்த விசாவும் சேர்ந்து போச்சுல்ல, மொதல்ல போலீஸ்ல கேஸ் நம்பர், அப்புறம் இந்தியன் கான்சுலேட், அப்புறம் விசாவுக்குத் தனி அலைச்சல்... ஊர்ல தம்பிக்கு எப்பவோ வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோவை வச்சுதான் பாஸ்போர்ட் நம்பரே தெரிஞ்சுது.

அப்புறம் டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நிறைய இருக்கற சாட்ஸ்வொர்த் ஏரியா பாட்டி ஒருத்தங்க சொன்னாங்க, இங்க போலீஸ் ஸ்டேஷன்லயே ஒரிஜினலையும் ஜெராக்ஸையும் நீட்டுனா சரிபாத்து சீல் குத்தி கையெழுத்து போட்டுத் தருவாங்களாம், காசு கிடையாது. புது பாஸ்போர்ட்டோட போனேன், அஞ்சு நிமிஷம்தான். இப்ப வெளிய போனா அந்தக் காப்பிதான் பையில. ஒரிஜினல் எங்கன்னு கேக்காதீங்க, வீட்டுக்காரருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

கழுத்துல மஞ்சக்கயிறு. மாமியார் வீடியோ கால்ல "செயின் எங்கம்மா"ன்னாங்க, லாக்கர்லன்னு சொல்லிட்டேன். நல்லவேளை அவங்க ஃபேஸ்புக்ல இல்ல 😬