தடுமாற்றம் எங்கே தொடங்குகிறது

பணிமனைக்குப் புதிதாக வருபவரிடம் இரும்பு அறுக்கும் ரம்பமான ஹேக்சாவைக் கொடுத்து, வைஸ் என்ற மேசைப் பிடிப்பானில் இறுக்கிய இரும்புப் பட்டையை அறுக்கச் சொன்னால், தடுமாற்றம் முதலில் தெரிவது தோளில்தான். தோள் காதருகே ஏறிவிடும், மணிக்கட்டு விறைத்துவிடும், மூச்சும் நின்று நின்று வரும். 300 மில்லிமீட்டர் பிளேடில் நடுப்பகுதியை மட்டும் வெடுக் வெடுக்கென்று இழுப்பார். அங்கே பல் மழுங்கிப் போகும், இரு முனைகளும் புதிதாகவே இருக்கும்.

இந்த விறைப்புக்குக் காரணம் உண்டு. 1920களில் மாஸ்கோவில் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் என்ற உடலியல் ஆய்வாளர், உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளர்களின் அசைவைப் படம் பிடித்து அளந்தார். கைதேர்ந்தவரின் தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒவ்வோர் அடிக்கும் சற்று வேறு வழியில் போயின. சுத்தியலின் தலை மட்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்தது. ஒரு மூட்டின் பிசகை இன்னொரு மூட்டு சரிக்கட்டிவிடுகிறது. புதியவருக்கு இத்தனை மூட்டுகளையும் ஒருசேர ஆள முடியாது, அதனால் பாதியைப் பூட்டிவிடுகிறார். அப்போதைக்கு அது சரியான தற்காப்புதான். அவரிடம் போய் "கையைத் தளர்த்து" என்றால் தளராது. "பிளேடு முழு நீளமும் போய் வரட்டும்" என்றால் கை தானே வழிக்கு வரும். கவனத்தை உடம்பிலிருந்து கருவியின் மேல் மாற்றிவிடுவதே இதில் பாதி வேலை.

மீதி வேலை கருவியோடு. பிளேடின் பல் முன்னோக்கி இருக்க வேண்டும். வெட்டு தொடங்கும் இடத்தில் அரத்தால் சின்னப் பள்ளம் போட்டுக்கொண்டால் பிளேடு வழுக்காது. நிமிடத்துக்கு 40 முதல் 50 இழுப்பு போதும். தள்ளும்போது அழுத்தம், திரும்பும்போது தளர்வு. எப்போதும் குறைந்தது மூன்று பல்லாவது உலோகத்தின் மேல் இருக்க வேண்டும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள பிளேடில் ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. அதைக் கொண்டு ஒரு மில்லிமீட்டர் தகட்டை நேர்குத்தாக அறுத்தால் ஒற்றைப் பல் மாட்டிக்கொண்டு உடையும். 32 பல் பிளேடு எடுத்து, தகட்டை இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து மரத்தோடு சேர்த்து அறுக்க வேண்டும்.

பாதி வெட்டில் பிளேடு மாற்றினால் இன்னொரு தொல்லை. தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு ஒடுக்கமாக இருக்கும். புதுப் பிளேடு அதில் இறுகி முறியும். எதிர்ப்பக்கத்திலிருந்து புதிதாகத் தொடங்குவதே வழி. இது தெரியாமல் பிளேடை முறிப்பவருக்குக் "கை சரியில்லை" என்று பெயர் வைத்துவிடுவார்கள். வைஸின் தாடை முழங்கை உயரத்துக்கு வராத மேசை முன் யார் நின்றாலும் கை சரியில்லாமல்தான் தெரியும். அசைவுகளை ஒருங்கிணைப்பதில் பிறவியிலேயே சிரமம் உள்ளவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை, நேரம் கூடுதலாகக் கொடுக்கத்தான் வேண்டும்.

வெட்டு முடியும் தறுவாயில்தான் அடி அதிகம் படுகிறது. எதிர்ப்பு சட்டென்று விலகும், தள்ளிய விசை மிஞ்சும், விரல்முட்டி வைஸில் இடிக்கும். கடைசி இரண்டு மில்லிமீட்டரில் அழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால் இது நேராது.

நடத்தையிலும் இதே கணக்குதான், விசையோ நேரமோ பிசகுகிறது. வெட்டின் கடைசியில் நிற்பவரைப் பின்னாலிருந்து தோளில் தட்டிக் கூப்பிடுவது அப்படி ஒரு பிசகு. அவர் கண்ணில் படும்படி நின்று, பிளேடு நின்றதும் பேச வேண்டும். கூர்மையான கருவியைக் கொடுக்கும்போது கைப்பிடி வாங்குபவர் பக்கம் இருக்க வேண்டும், அவர் பிடித்தது விரலில் தெரிந்த பிறகே விட வேண்டும்.

பேச்சில் அளவு இன்னும் நுண்மையானது. ஒருவர் முடித்ததும் அடுத்தவர் தொடங்க எடுக்கும் இடைவெளி, அளந்து பார்த்த பல மொழிகளில் சராசரியாக ஏறக்குறைய 0.2 வினாடி. மேலதிகாரி முன் சொற்களைத் தேடும் புதியவர் இந்த இடைவெளியைத் தாண்டிவிடுகிறார், உடனே அவர் மறைக்கிறார் என்று எதிரிலிருப்பவர் எண்ணிக்கொள்கிறார். பிளேடு உடைந்ததைச் சொல்ல வருபவர் எந்திரம், வெளிச்சம், அவசரம் என்று மூன்று வாக்கியம் சுற்றினாலும் அதே சந்தேகம்தான். "24 பல் பிளேடு உடைந்துவிட்டது, தகடு மெல்லியது, 32 வேண்டும்" என்று சொன்னால் அடுத்த நிமிடம் பிளேடு கைக்கு வந்துவிடும்.