வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், பின்கட்டில் பாமாயில் டின்

போன மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரை காரில் போய்வந்தேன். ஆறு நாள். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, எனக்கு வெளியூர்ச் சாப்பாடு என்றால் மூன்றாம் நாளே வயிறு மக்கர் பண்ணும். அதனால் இந்தத் தடவை முடிந்தவரை ரசாயன உரம் போடாமல் விளைந்ததாகப் பார்த்துச் சாப்பிடுவது, பிளாஸ்டிக்கில் வருவதைத் தொடாமல் இருப்பது என்று இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் கிளம்பினோம். நான் இரண்டு ராத்திரி உட்கார்ந்து கூகுள் மேப்பில் 'ஆர்கானிக்' என்று தேடித் தேடிப் பதினேழு இடங்களை நட்சத்திரம் போட்டுக் குறித்து வைத்திருந்தேன். அம்மா ஒரு தூக்குச்சட்டி, இரண்டு எவர்சில்வர் பாட்டில், கொஞ்சம் சிவப்பு அவல், ஒரு கருப்பட்டி, ஒரு கத்தி, இவ்வளவுதான் எடுத்துக்கொண்டார். ஆறு நாளும் உதவியது அவர் பைதான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே அடி. பைபாஸ் ஓரத்தில் ஒரு 'பாரம்பரிய இயற்கை உணவகம்', பெயர் வேண்டாம். வாசலில் மாட்டுவண்டிச் சக்கரம், பித்தளை அண்டா, சுவரில் ஏர் உழும் ஓவியம், மெனுவில் மாப்பிள்ளைச் சம்பா பொங்கல், கருப்புக் கவுனி இட்லி, கருப்பட்டிக் காபி. கவுனி இட்லி என்று வந்தது லேசாகச் சாம்பல் பூசிய சாதா இட்லி. வீட்டில் ஒரு முறை கவுனி அரிசி ஊறவைத்து ஆட்டியிருந்தால் தெரியும், ஊறிய தண்ணீரே நாவற்பழச் சாறு மாதிரி இருக்கும், இட்லியும் இவ்வளவு பஞ்சாக வராது. இலை இன்னும் மோசம். வாழை இலை மாதிரி பச்சையும் நரம்பும் அச்சடித்து மேலே பிளாஸ்டிக் பூசிய காகிதம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பொருள் அது. கை கழுவப் போன அம்மா திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "பின்கட்டுல பாமாயில் டின்னு ஆறு அடுக்கியிருக்கான். மாட்டுவண்டி மட்டும்தான் இயற்கை போல." பில் 540 ரூபாய்.

அதற்கப்புறம் என் பதினேழு நட்சத்திரங்களை நம்பவில்லை. அம்மாவிடம் பொறுப்பை விட்டுவிட்டேன். அவர் உட்காருவதற்கு முன்னாலேயே பரிமாறுபவரிடம் கேட்பார்: "என்ன எண்ணெய் தம்பி?" பதில் உடனே வந்தால், அது கடலை எண்ணெயோ பாமாயிலோ, உட்காருவார். "நல்ல எண்ணெய்தாம்மா" என்று இழுத்தால் கிளம்பிவிடுவார். அப்புறம் "இன்னிக்கு என்ன இல்லை?" என்று கேட்பார். இந்தக் கேள்வியின் அருமை எனக்கு ஆரோவில்லில்தான் புரிந்தது.

ஆரோவில்லில் சாலிட்யூட் ஃபார்ம் என்று ஒரு பண்ணை. இங்கிலாந்திலிருந்து வந்து நல்ல தமிழ் பேசும் ஒருவர் தொண்ணூறுகளிலிருந்து நடத்துகிறார். உழாமல், உரம் கொட்டாமல், காய்ந்த இலைதழையால் மண்ணை மூடி மூடாக்கு போட்டுப் பயிர் செய்யும் முறை. அங்கேயே ஒரு சாப்பாட்டுக் கொட்டகை இருக்கிறது, பண்ணையில் அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதுதான் மதியச் சாப்பாடு. நாங்கள் போன அன்று கேரட் இல்லை, பீன்ஸ் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. பப்பாளிக்காய்க் கூட்டு, வாழைப்பூ, தட்டில் பாதிக்குப் பச்சையாகவே கீரைகள். நான் ஒன்றைக் கிள்ளி இது என்ன இலை என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சிரித்தார். "மூக்கிரட்டைடா. ஊர்ல வேலியோரமா மொளைக்கும், ஆட்டுக்குப் பறிச்சுப் போடுவோம்." மே மாதம் கொளுத்துகிற வெயிலில் இந்த மண்ணில் தானாக வருவது எதுவோ அது தட்டில் இருந்தது, அவ்வளவுதான். சொந்த நிலத்தில் விளைந்ததைப் போடுகிற இடத்தில் 'இல்லை' என்ற பதில் நிறைய வரும். வருஷம் முழுக்க எல்லாம் உண்டு என்கிற ஆர்கானிக் ஹோட்டல் எங்கிருந்தோ வரவழைக்கிறது என்று அர்த்தம். இது ஒரு கணக்கு, தப்பாகவும் போகலாம், ஆனால் எனக்கு இதுவரை பெரும்பாலும் சரியாகவே இருந்திருக்கிறது.

ஆரோவில்லிலேயே சோலார் கிச்சன் இருக்கிறது. கூரைமேல் 15 மீட்டர் அகலத்துக்குக் கண்ணாடி பதித்த பெரிய கிண்ணம், வெயிலைக் குவித்து நீராவி எடுத்து அதில் சமைக்கிறார்கள். நினைத்த நேரத்தில் நுழைந்து டோக்கன் வாங்குகிற ஹோட்டல் இல்லை அது, அங்கே வசிப்பவர்களுக்கான பொதுச் சமையற்கூடம், அதனால் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

புதுச்சேரியில் ஒரு காபிக் கடையில் 'ஆர்கானிக் அவகாடோ டோஸ்ட்', கூடவே இறக்குமதிப் பழம் என்று பெருமையாக எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு அவகாடோ என்றால் வெண்ணெய்ப்பழம் என்று சொன்னேன். "அது கொடைக்கானல்லயே காய்க்குமேடா, எதுக்கு பிளேன்ல வருது?" சான்றிதழ் வாங்கிய பழமாகவே இருக்கட்டும், கடல் தாண்டிக் குளிர்பெட்டியில் வந்ததை நாம் சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிடுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

டெல்டாவுக்குள் போனதும் எனக்கு எதிர்பார்ப்பு ஏறிவிட்டது. திருத்துறைப்பூண்டி என்றால் நெல் ஜெயராமன் ஊர்ப்பக்கம். அவர் 2018 டிசம்பரில் காலமானார். 170க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடித் தேடி மீட்டவர், பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தி, வருகிற விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் அவர் 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும், அந்த நாலு கிலோ இன்னும் இரண்டு பேருக்குப் போகும். அப்படிப்பட்ட ஊரில் மெஸ்ஸில் உட்கார்ந்து மாப்பிள்ளைச் சம்பா சோறு கிடைக்குமா என்று கேட்டேன். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதெல்லாம் இங்க விளையும் சார், இங்க யாரும் மெஸ்ஸுல போட மாட்டாங்க. லாரி ஏறி உங்க ஊருக்குத்தான் வருது."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பா வயலில் 160 நாள் நிற்கும், காட்டுயானம் 180 நாள், சாயாமல் இருக்க வேண்டும், மகசூலும் குறைவு, ஆக அரிசி விலை பொன்னியை விட எங்கேயோ இருக்கும். முந்தைய ராத்திரியே ஊறப்போட வேண்டும், வேக நேரமும் எரிவாயுவும் அதிகம். அளவில்லாச் சாப்பாடு போடுகிற மெஸ் அதை எடுத்தால் ஒரு வாரத்தில் கடையை மூடவேண்டியதுதான். எங்கே விளைகிறதோ அங்கே கிடைக்கும் என்று நான் சென்னையில் உட்கார்ந்து போட்ட திட்டம் தப்பு.

ஆனால் அவரே ஒரு போன் போட்டுக் கொடுத்தார், மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிற ஒரு அண்ணன் வீட்டுக்கு. மறுநாள் காலை எட்டு மணிக்குப் போனோம். அண்ணி "வெறும் வயத்தோடவா வந்தீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் மண்சட்டியோடு வந்தார். கிச்சிலிச் சம்பாவில் பழைய சோறு. தயிரும் உப்பும் போட்டுக் கையால் பிசைந்து, தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், மாவடு, முதல் நாள் சுண்டவைத்த குழம்பு. அந்த நீராகாரத்தை நான் இரண்டு சொம்பு குடித்தேன். சர்க்கரை இருக்கிறதே என்று நான் ஜாடை காட்டியும் அம்மா இரண்டாவது தடவை போட்டுக்கொண்டார், நான் வாயைத் திறக்கவில்லை. பணம் கொடுத்தால் வாங்கவில்லை, அதனால் ஐந்து கிலோ அரிசியும் அவலும் வாங்கிக்கொண்டோம். உங்களுக்குச் சொல்வது என்னவென்றால், இப்படி அரிசி விற்கிற விவசாயிகளிடம் ஒரு நாள் முன்னால் போன் செய்து கேளுங்கள், சமைத்துக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள் உண்டு, ஆனால் விலையை முதலிலேயே பேசிவிடுங்கள், எங்களை மாதிரித் தர்மசங்கடப்பட வேண்டாம்.

சாப்பிட்டபின் அண்ணன் கொல்லைக்குக் கூட்டிப்போய்ப் பஞ்சகவ்ய டிரம்மைத் திறந்து காட்டினார். சாணம், கோமியம், பால், தயிர், நெய் எல்லாம் புளித்து நுரை கட்டி நின்றது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே "எங்கப்பா இருந்தா உங்களைக் கட்டிப்பிடிச்சுப்பார்" என்றார். சம்பாப் பட்டத்துக்கு முன்னால் மடக்கி உழுது உரமாக்க வயலில் தக்கைப்பூண்டு விதைத்திருந்தார். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டதற்குச் சிரித்தார். இல்லை.

இந்தச் சான்றிதழ் விஷயம் பலருக்குக் குழப்பம். பாக்கெட்டில் ஆர்கானிக் என்று போட்டு விற்றால் 2017இல் வந்த மத்திய உணவுப் பாதுகாப்பு விதிப்படி 'ஜைவிக் பாரத்' முத்திரை இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் என்.பி.ஓ.பி. சான்று இருக்கும், அல்லது பி.ஜி.எஸ். சான்று இருக்கும். முன்னது வெளி நிறுவனம் வந்து சோதித்துக் கொடுப்பது. பின்னது விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்துக் கொடுப்பது. பி.ஜி.எஸ்ஸில் 'கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கிறது, 'ஆர்கானிக்' என்றிருந்தால் முழுதாக மாறிவிட்டது, இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர்களே சொல்வதில்லை. வருஷ விற்பனை 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு விவசாயி நம்மிடம் நேரடியாக விற்றால் சான்று கட்டாயமில்லை. ஆக அந்த அண்ணனிடம் காகிதம் இல்லை என்பதால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆகாது, நிஜம்தான் சொல்கிறார் என்றும் ஆகாது. எனக்கு அந்த டிரம் போதுமானதாக இருந்தது.

நாகப்பட்டினத்தில் மீன் சாப்பிடாமல் வரமுடியுமா? ஆனால் அது மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, மீன் முட்டையிடுகிற காலம். கடையில் வஞ்சிரம், வாவல் என்று வரிசையாகப் பலகை. எங்கேயிருந்து வருகிறது என்று அம்மா கேட்க, பையன் "கேரளாம்மா, ஐஸ்ல வந்தது" என்று ஒளிக்காமல் சொன்னான். மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1இல்தான் ஆரம்பம். "இன்னிக்குக் கரையில வந்தது ஏதாவது இருக்கா தம்பி?" இருந்தது. சின்னப் படகில் போனவர்கள் கொண்டுவந்த நெத்திலியும் மத்தியும். நெத்திலியைத் தலை கிள்ளி மிளகாய்த்தூள் தடவி மொறுமொறுவென்று பொரித்துக் கொண்டுவந்தான், மத்தி மாங்காய் போட்ட குழம்பில். வஞ்சிரத் துண்டு ஒன்றின் விலையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டோம். பெரிய மீனின் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை, தடைக்காலத்தில் மட்டுமாவது சின்ன மீனுக்கு மாறலாம் என்கிறேன்.

நடுவில் எல்லாமே நன்றாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாள் ராத்திரி பத்தரைக்கு ஒரு ஊருக்குள் நுழைந்து, திறந்திருந்த ஒரே கடையில் பரோட்டா தின்றோம். மைதா, பாமாயில், சால்னா பிளாஸ்டிக் கவரில். பசி. 'நாட்டுக்கோழி' என்று பலகை வைத்த ஒரு இடத்தில் சிக்கியது பண்ணையில் அடைத்து வளர்த்த கலப்பினம், எலும்பைக் கடித்ததும் அம்மா சொல்லிவிட்டார். இந்த மாதிரி நாளுக்குத்தான் அவர் அவல் கொண்டுவந்தது. லாட்ஜ் அறையில் தூக்குச்சட்டியில் ஊறப்போட்டுக் கருப்பட்டியைச் சீவிப்போட்டால் காலைச் சாப்பாடு முடிந்தது, அடுப்பு தேவையில்லை. பழம், வெள்ளரிக்காய் வாங்க உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கிய திட்டம், இப்போது பல ஊர்களில் இருக்கிறது, விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைச்சல் என்று யாரும் சொல்லவில்லை, விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார், மருந்து அடித்தீர்களா என்று முகத்தைப் பார்த்துக் கேட்கலாம். ஒரு ஆயா என்னிடம் "கத்திரிக்கா அடிச்சது, வெண்டைக்கா அடிக்காதது" என்று பிரித்தே சொன்னார்.

ராமநாதபுரம் போகிற வழியெல்லாம் சாலையோரத்தில் கம்மங்கூழ்த் தள்ளுவண்டி. பானையில் கூழ், மோர் மிளகாய், கொத்தவரங்காய் வத்தல், மாங்காய்க் கீற்று, குடிக்க எவர்சில்வர் சொம்பு. கம்பு பெரும்பாலும் மானாவாரிப் பயிர், நெல்லுக்கு இறைக்கிற தண்ணீரில் பாதிகூடக் கேட்காது. என் பதினேழு நட்சத்திரங்களில் இந்த வண்டி ஒன்றுகூட இல்லை.

கடைசி நாள், பனை வரிசையாக நின்ற ஒரு இடத்தில் பதநீர்க்காரர். பனையோலையைப் பட்டையாக மடித்துக் கையில் கொடுத்து, கலயத்திலிருந்து வடிகட்டி ஊற்றினார், நுங்கையும் நோண்டி உள்ளே போட்டார். குடித்து முடித்த ஓலையை என்ன செய்வது என்று நான் பார்க்க, பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டின் பக்கம் கையைக் காட்டினார். எனக்கு ஆசை தீரவில்லை. காருக்கு ஓடிப்போய் எவர்சில்வர் பாட்டிலை எடுத்துவந்து, "அண்ணே, இதுல ஒரு லிட்டர் ஊத்துங்க, சென்னைக்குக் கொண்டு போறேன்" என்று நீட்டினேன்.

அவர் பாட்டிலை வாங்கவே இல்லை. "சாயங்காலத்துக்குள்ள புளிச்சிரும் தம்பி. வேணும்னா இன்னொரு பட்டை இங்கயே குடிச்சிட்டுப் போங்க."

இரண்டு பட்டை குடித்தேன்.